டேங்கர் ஓட்டுநர்களின் காவல்துறைச் சரிபார்ப்பை முடித்துத் தரக் கோரி மனு

அனுப்புநர்:
டேங்கர் லாரி ஓட்டுநர்கள்,
செட்டிநாட்டுப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: 'வீடு பூட்டியுள்ளது' என்று திருப்பப்பட்ட விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. ரசீது நகல்களை இணைத்திருக்கிறோம்.

1. பெட்ரோல் ஏற்றுகிறவனை விசாரிக்கத்தான் வேண்டும். 12,000 லிட்டரோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகிறவன் யார் என்று அரசுக்குத் தெரிய வேண்டாமா? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 9 சொல்கிறபடி 3 நாள் பயிற்சி முடித்து, லைசென்சிலும் பதிவு வாங்கிவிட்டோம். சரக்கால் விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் ட்ரெம் கார்டில் உள்ளதைப் படித்துச் சொல்லவும் தெரியும். இல்லாதது காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று ஒன்றுதான். அது இல்லாமல், பெட்ரோல் ஏற்றும் டெர்மினலில் உள்ளே போகக் கேட் பாஸ் தருவதில்லை.

2. அந்தச் சான்று நிற்பது வாசலால். நம் பக்கத்துப் பெரிய வீடுகளைத் தாங்கள் அறிவீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, காவலுக்காக எங்கள் குடும்பங்கள் பின்கட்டில் குடியிருக்கின்றன. ஆதாரில் உள்ளதோ முகப்பின் கதவு எண். அந்தக் கதவு முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். விசாரணைக்கு வரும் காவலர் முகப்பில் பூட்டைப் பார்த்து, 'வீடு பூட்டியுள்ளது, மனுதாரர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்நேரம் பின்கட்டில் மனைவி சோறு வடித்துக்கொண்டிருப்பாள், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். சரி, அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்றால் அந்த வரிசை முழுக்கப் பூட்டு. வாடகை ஒப்பந்தம் கொண்டு வா என்கிறார்கள். காவலுக்கு இருப்பவனுக்கு ஒப்பந்தம் ஏது ஐயா? வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு ஊரில். யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது?

3. விண்ணப்பத்தில் கைபேசி எண் இருக்கிறது. வருமுன் ஒரு போன் போட்டால் முகப்பைத் திறந்து வைத்திருப்போம். அதைக்கூடச் செய்ய முடியாதா? காவலர் வருவார் என்று வேலைக்குப் போகாமல் திண்ணையிலேயே காத்துக் கிடந்தவர்கள் எங்களில் உண்டு. அப்புறம் வேறு வழியில்லாமல் கிடைத்த லோடுக்குப் போன அன்றைக்குத்தான் விசாரணை வந்திருக்கிறது. ஆபத்தான சரக்குக்கான லைசென்சுக்கு ஆயுளே 3 ஆண்டு. அதுவும் காத்திருப்பிலேயே கரைகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஐயா. ஒரு வழக்கும் இல்லாத எங்களை, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, தலைமறைவானவனைப் போல லாரி ஆபீசில் ஏற இறங்கப் பார்க்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாங்கள் எங்கும் ஓடவில்லை. பிள்ளைகள் படிப்பது இந்த ஊரில். ரேஷன் வாங்குவது இந்த ஊரில்.

4. பின்வாசலுக்கு வந்து பாருங்கள்.

ஆகவே, திருப்பிய விண்ணப்பங்களை மறுபடி எடுத்து, முன்கூட்டிப் போனில் சொல்லிவிட்டுப் பின்தெருப் பக்கமாக வந்து விசாரிக்க உத்தரவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களுக்குக் வருவாய்த்துறை தரும் இருப்பிடச் சான்றை ஏற்கச் சொல்லுங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விசாரியுங்கள், ஐயா. விசாரிக்காமலே 'இல்லை' என்று மட்டும் எழுத வேண்டாம் எனத் தாழ்மையுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள ஓட்டுநர்கள்