கில்லி பட்ட கண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் 22 வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கோடை லீவு விட்டால் போதும், பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடி உடைத்த கண்ணாடியோடு பையன்கள் வந்துவிடுவார்கள். அவர்களுடைய பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் என் அக்கா மகனுக்குக் கண்ணில் கில்லி பட்டது. தோல்கூடக் கிழியவில்லை. எங்கள் அம்மா தாய்ப்பால் விட ஆள் தேடினார். நல்லவேளை, யாரும் கிடைக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். சாயங்காலம் நான் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழிக்குள்ளே, அடியில், பிறை மாதிரி ரத்தம் தேங்கி நின்றது. "மாமா, எல்லாம் புகையா தெரியுது" என்றான். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், ஓடியாடக் கூடாது என்றார் டாக்டர். ஒரு வாரத்தில் ரத்தம் கரைந்து பார்வையும் தெளிந்தது. ஆனால் கண்ணுக்குள் நீர் வடியும் பாதை அடிபட்டிருக்கிறது. பல வருடம் கழித்துக்கூட கண்ணுக்குள் பிரஷர் ஏறலாம். வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுவிடும் என்றார். அதனால் வருடம் தவறாமல் பிரஷர் பார்க்க வேண்டுமாம். இரண்டாம் வருடமே அக்கா, "அதான் நல்லா இருக்கானே" என்று விட்டுவிடப் பார்த்தார். நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2012-ல் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் ஹெல்மெட் போடாமல் கீப்பிங் நின்ற தென் ஆப்பிரிக்காவின் மார்க் பவுச்சருக்கு, ஸ்டம்பிலிருந்து தெறித்த பெய்ல் இடது கண்ணில் பட்டது. அதோடு அவருடைய சர்வதேச ஆட்டமே முடிந்தது. பெய்லும் கில்லி மாதிரி ஒரு சின்னக் கட்டைதான்.

கண்ணாடி போடும் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால், கடையில் பாலிகார்பனேட் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். கீறல் சீக்கிரம் விழும், விலையும் கூடுதல்தான். ஆனால் அடிபட்டால் மற்ற லென்ஸ் மாதிரி லேசில் உடைந்து சில்லு தெறிக்காது. கண்ணில் அடி பட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், எண்ணெய், பால் எதுவும் விடாதீர்கள். பார்வை நன்றாகத் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், கில்லி அடிக்கிறவனுக்கு எதிரே சின்னப் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். என் அக்கா மகன் அன்றைக்கு ஆடவே இல்லை, வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
ஒரு கண்ணாடிக் கடைக்காரர்,
காட்பாடி