பையும் குழாயும் பழகிய பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்: மும்பைக் குழந்தை அறுவைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை மாநகராட்சிப் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், நகரின் குழந்தை அறுவைப் பிரிவுகளில் பொறுப்பிலுள்ள மேட்ரன்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப்ஹில் பகுதிகளில் குடல் அறுவை முடிந்து வீடு திரும்பிய குழந்தைகளைப் போய்ப் பார்த்து வருகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இக்குழந்தைகளுக்கான பராமரிப்பைத் தாயோ தந்தையோ தம் கையாலேயே செய்து காட்டி, அதைச் சிஸ்டர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே டிஸ்சார்ஜ் என்பதை விதியாக்குங்கள்.

பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே குழந்தை பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயும், ஆசனவாய் சரியாக உருவாகாத பிறவிக் குறையும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகின்றன. நரம்பணுவற்ற பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்வென்சன் 1948இல் வெளியிட்டார். அதிலிருந்து அறுவை நுட்பம் வெகுதூரம் வந்துவிட்டது. நம் மருத்துவமனைகளின் அறுவை நிபுணர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பல குழந்தைகளுக்கு முதலில் மலம் வெளியேற வயிற்றில் குடல்வாய் (குடலை வெளியே கொண்டுவந்து தைத்த திறப்பு) திறந்து, மாதங்கள் கழித்தே பெரிய அறுவை செய்கிறார்கள். அந்த இடைக்காலம் முழுவதும் செவிலியர் வேலையைச் செய்பவர் தாய்தான். அவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு வரிகள்.

குடல்வாயைத் தொடவே தாய்மார் அஞ்சுகிறார்கள். அதில் வலியுணர்வு இல்லை என்பதையும், துடைக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் கசிவது இயல்பே என்பதையும், இளஞ்சிவப்பு நிறம் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் யாராவது அருகில் உட்கார்ந்து சொன்னால் பாதி அச்சம் போய்விடும். பெருங்குடலில் திறந்த வாய் என்றால் கைக்குழந்தைக்குச் சுத்தமான துணியே போதும் என்று மருத்துவர்கள் விட்டுவிடுவதுண்டு. சிறுகுடலில் திறந்த வாய் அப்படியன்று. அதிலிருந்து வரும் நீரில் செரிமான நொதிகள் இருப்பதால், தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். குடல்வாயின்மேல் ஒட்டி மலத்தைச் சேர்க்கும் பையின் துளையை அந்த வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்டுவதும், பையில் மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் காலி செய்வதும், பை ஒட்ட வேண்டிய தோலில் எண்ணெயும் களிம்பும் தடவாதிருப்பதும் கையால் செய்து பழக வேண்டியவை. காகிதத்தில் படித்து வருவன அல்ல.

பை அடிக்கடி நிறைகிறதே என்று குழந்தைக்குச் சோற்றையும் பாலையும் குறைத்துவிடும் வீடுகளும் உண்டு. அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து அறையில், காலையில் சில மணி நேரமே வரும் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, மூலையில் குளிக்கவும் கழுவவும் இருக்கும் மோரியிலோ பொதுக்கழிவறை வரிசையிலோ பையைக் காலி செய்ய வேண்டியவர் அவர். ஆனால் சிறுகுடல் வாயுள்ள குழந்தை நீரோடு உப்பையும் நிறைய இழக்கிறது. அந்த உப்பு ஈடு செய்யப்படாவிட்டால் எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாது. ஆகவே குழந்தை மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறை வரும்போதும் எடை பார்ப்பதோடு, உப்பும் ஓஆர்எஸ்ஸும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் சிஸ்டர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்காமல் பை மாற்றும் நேரத்தைக் குறித்துத் தருவதிலும் பயனில்லை.

உயிருக்கே ஆபத்தானது குடலழற்சி. ஹிர்ஷ்ஸ்பிரங் நோயுள்ள குழந்தைக்கு அறுவை நல்லபடியாக முடிந்த பிறகும் அது வரலாம். வயிறு உப்பி, நாற்றமடிக்கும் நீர்மலம் பீய்ச்சியடித்து, காய்ச்சலோடு குழந்தை துவண்டுபோனால், அதைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று எண்ணித் தெருமுனை டாக்டர் பேதியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். எனவே இந்த அடையாளங்களையும், செய்த அறுவையின் பெயரையும், அழைக்க வேண்டிய எண்ணையும் மராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்க வேண்டும். மே மாதம் திருநெல்வேலிக்கு ரயிலேறும் குடும்பத்துக்கு அங்குள்ள மருத்துவரிடம் காட்ட வேறு என்ன இருக்கிறது?

வீட்டில் குடலைக் கழுவச் சொல்லி அனுப்பும்போது இன்னும் கவனம் தேவை. ஆசனவாய்க்குள் விடும் மென்மையான குழாய் வழியே வெதுவெதுப்பான நார்மல் சலைனை (மருத்துவ உப்புநீரை)ச் சிறிது சிறிதாக, மருத்துவர் குறித்த அளவில் (பொதுவாகக் கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லி) செலுத்தி, உள்ளே போனது வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சலைன் தீர்ந்துவிட்டது என்று வெறும் தண்ணீரைச் செலுத்தினால், குடல் அதை உறிஞ்சி, இரத்தத்தில் சோடியம் இறங்கி, குழந்தைக்கு வலிப்பே வரலாம். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் குழாயை மட்டும் கையில் கொடுப்பது தவறு.

ஆசனவாய் அறுவைக்குப்பின் விரிப்பான் கம்பியைத் தினம் இருமுறை செலுத்தச் சொல்லும்போதும் இப்படித்தான்: குழந்தை அலறுவதைத் தாங்காமல் தாய் நிறுத்திவிட்டால் ஆசனவாய் மறுபடி சுருங்கிவிடும் என்பதை முன்கூட்டியே விளக்க வேண்டும்.

சிஸ்டர்களுக்கு நேரமில்லை என்பீர்கள். இரவுப் பணியில் ஒருவரே எத்தனை கட்டில்களைச் சுமக்கிறார் என்பது அந்தப் பணியைச் செய்த எனக்குத் தெரியாததன்று. வார்டில் எப்படியும் நடக்கும் பை மாற்றத்தை, அறுவை முடிந்த இரண்டு மூன்று நாட்களிலேயே தாயின் கைக்கு மாற்றிவிட்டு, சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். வேலையை முடித்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக வாயால் ஒப்பிப்பதுதான் வீண். மொழிபெயர்ப்பை வார்டு மாவ்ஷியின் (ஆயாவின்) தலையில் கட்டவும் வேண்டாம். சந்தை இந்தி பேசத் தெரிந்த தாய்க்குக்கூட மருத்துவ விளக்கம் பிடிபடுவதில்லை, செய்து காட்டினால் பிடிபடுகிறது.

இத்துடன், வாரம் ஒரு நாள் வெளிநோயாளர் பகுதியில் குடல்வாய்ப் பராமரிப்புக்கென்று பயிற்சிபெற்ற ஒரு சிஸ்டரை அமர்த்துங்கள். அவரை மூன்று மாதத்துக்கொருமுறை வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். குழந்தைகளுக்கான சிறிய பைகளை மருத்துவமனை மருந்தகத்திலேயே கிடைக்கச் செய்யுங்கள். அட்டைக்கான தமிழ் வாசகத்தை எழுதித் தரவும், தமிழ்க் குடும்பங்கள் வரும் நாளில் வந்து உதவவும் நானும், என்னோடு ஓய்வுபெற்ற தோழியர் சிலரும் ஊதியமின்றித் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் பிரிவுச் செவிலியர்,
சயான் கோலிவாடா, மும்பை