நடுவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சந்தா செலுத்திய உறுப்பினர்களே, இனிமேல் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு கூடியிருக்க வேண்டியது ஆறு முறை, கூடியது நான்கு முறை. கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு வழக்கம்போல் நடுவர்கள் அனுப்பப்பட்டனர். ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில்ஸ் இரண்டு ஜோடி வாங்கினோம்; ஒரு ஜோடியைக் காணவில்லை. மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி ஞாயிறு வகுப்பு. ஆடி முடித்தவர்களை நடுவர்களாக்கும் இந்த வகுப்பு செயலாளரின் சொந்த ஆசை, சங்கப் பணத்தில் நடக்கிறது என்று பின்னால் பேசப்படுவது என் காதுக்கும் வந்தது. ஆசை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பட்டியலில் களத்தில் நிற்கக்கூடிய நடுவர்கள் எத்தனை பேர் என்று பேசியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? முழங்கால் வலி உள்ளவர்களையும் வெளியூரில் பேரன் பேத்தியோடு இருப்பவர்களையும் கழித்துவிட்டால், காலை ஆட்டத்தில் நின்றவரே மாலை ஆட்டத்திலும் நிற்கிறார். இந்த ஊரில் இருபது முப்பது ஆண்டுகள் லீக் ஆடியவர்களோ ஆல மரத்தடியில் அமர்ந்து, "அது அவுட் இல்லை" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் களத்துக்குள் அழைத்துவந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

வகுப்பறையில் பழைய இந்திய அணி வீரர் வெங்கட்ராகவன் படத்தை மாட்டியதற்கும் ஆட்சேபம் வந்தது. படத்துக்கு மரச்சட்டம் போட்ட செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், "நடுவர் சங்கத்தில் ஆட்டக்காரர் படம் எதற்கு?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். பதிலை எழுத்தில் வைக்கிறேன்.

1945இல் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ஆஃப் ஸ்பின்னர், அதாவது சுழற்பந்து வீச்சாளர். 1965இல் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் சொந்த ஊரிலேயே முதல் டெஸ்ட் ஆடி, அதே தொடரின் தில்லி டெஸ்டில் பன்னிரண்டு விக்கெட் எடுத்தார். வேறு காலத்தில் பிறந்திருந்தால் அணியில் அவர் இடத்தை யாரும் அசைத்திருக்க முடியாது. பேடி, சந்திரசேகர், பிரசன்னா என்ற சுழற்பந்து வீச்சாளர்கள் ஆடிய காலம் அது. ஆஃப் ஸ்பின்னுக்கு ஒரே ஓர் இடம், அதற்குப் பிரசன்னாவும் இவரும். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளை முதன்முறையாகத் தொடரில் வென்றோமே, அதில் இவருக்கு 22 விக்கெட். அப்படியிருந்தும் உள்ளே, வெளியே என்றேதான் காலம் போயிற்று. 1974-75இல் தில்லி டெஸ்டுக்குத் தலைமை தாங்கியவர் அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள். முந்தைய ஆட்டத்தில் டாஸ் போடப் போன கை, அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் தூக்கியது. 1975, 1979 உலகக் கோப்பை இரண்டிலும் அவர்தான் தலைவர். இரண்டிலும் நமக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1979இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்திலேயே, தலைமை கவாஸ்கருக்குப் போய்விட்டது என்று அறிவிக்கப்பட்டது. 57 டெஸ்ட், 156 விக்கெட். 1983இல் ஆட்டம் முடிந்தது.

நம்மில் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர் 1993இல், 47 வயதில், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு டெஸ்ட் ஆட்டத்தில் நடுவராக நின்றார். 2002இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் எலீட் என்ற முதன்மை நடுவர் குழுவை அமைத்தபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பேரில் அவர் ஒருவர். இந்தியர் அவர் மட்டுமே. 2004இல் ஓய்வு பெறும்போது 73 டெஸ்ட் ஆகியிருந்தது. ஆடியதைவிட நின்றது அதிகம்! அதுவும் தீர்ப்பைத் திரும்பக் கேட்கும் ரெவ்யூ வசதி வருவதற்கு முன்பு. ரன் அவுட்டுக்கு மூன்றாவது நடுவர் இருந்தார். ஸ்டம்பை நோக்கி வந்த பந்தைக் கால் தடுத்ததா என்று பார்க்கும் எல்.பி.டபிள்யூவுக்குக் கண்ணும் காதும் மட்டுமே துணை.

தேர்வாளர்கள் அத்தனை முறை கைவிட்ட மனிதர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். நம் உறுப்பினர் ஒருவர், பொங்கல் கண்காட்சி ஆட்டத்தில் பதினொருவரில் தம் பெயர் இல்லை என்பதற்காக மூன்று ஆண்டுகளாகச் சந்தா தரவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும்.

வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். முதல் ஞாயிறு வந்தவர்கள் ஒன்பது பேர், நான்காம் ஞாயிறு நான்கு பேர். தேநீருக்குச் செலவு அதிகம் என்றவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்: நான்கு பேர் எவ்வளவு தேநீர் குடித்துவிட முடியும்?

அந்த நால்வரில் ஒருவர் ஆஃப் ஸ்பின்னர். அவர் பந்து வீசிய காலத்தில் பெரும்பாலும் நான்தான் நடுவர் முனையில் நின்றேன். என் பார்வையைப் பற்றி அவர் சொல்லாத சொல் கிடையாது. மேட் விரித்து, பள்ளிப் பையன்கள் இருவரை வீசவும் ஆடவும் வைத்து, அவரை ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்தினேன். ஓவரின் ஆறு பந்துகளை எண்ண ஆறு கூழாங்கற்களைக் கையில் கொடுத்தேன். முதல் ஓவரில் ஏழு பந்து போயிற்று. "பையன் விரலை எப்படித் திருப்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கல்லை மாற்ற மறந்துவிட்டேன்" என்றார். வீசிய பையனின் முன்கால் கோட்டைத் தாண்டி நோபால் ஆனதா என்று கேட்டேன். காலையே பார்க்கவில்லை.

இரண்டாவது ஓவரில் பந்து உள்ளே திரும்பி மட்டையாளன் காலுறையில் பட்டது. பையன் கத்தினான். நம்மவர் விரல் அவன் குரலுக்கு முந்தியே எழுந்துவிட்டது. அருகில் போய்க் கேட்டேன்.

"எங்கே பட்டது, சார்?"

"ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு விரற்கடை வெளியே."

"மட்டையாளன் அடிக்க முயன்றானா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முயன்றான்" என்றார். விரல் மெல்ல இறங்கிச் சட்டைப் பையைத் தடவியது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அடிக்க முயலும்போது பட்டால் எல்.பி.டபிள்யூ இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. இத்தனை காலம் அந்த விதியைக் கேட்க வேண்டிய இடத்தில் அவர் நின்றதில்லை, அவ்வளவுதான். ஆடியவர் நடுவராவதில் உள்ள கடினம் இதுதான். முதலில் முன்கால், பிறகு கண்ணை உயர்த்தி மறுமுனை என்று பார்வையைப் பழக்க வேண்டும். அப்பீல் செய்தால்தான் தீர்ப்பு. கேட்காத அவுட்டைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. பந்து வீச்சாளரின் ஆசை நெஞ்சில் எழும். அதை விரலுக்கு வரவிடக் கூடாது.

அன்று தேநீர் குடிக்கும்போது அவர் என்னிடம், "உங்களை நிறையப் பேசிவிட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். இதை அறிக்கையில் சேர்ப்பது முறையா என்று யோசித்தேன். இவ்வாண்டு சங்கத்துக்கு நடந்த நல்லது வேறு எது என்று தேடியபோது கிடைக்காததால் சேர்த்துவிட்டேன். நால்வரும் அடுத்த நடுவர் தேர்வை எழுதவிருக்கிறார்கள்.

வரவு செலவு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையைச் செயற்குழுவில் ஒருவர் தற்காலிகமாகத் தம் கையிலிருந்து போட்டிருக்கிறார். அது யார் என்பது முக்கியமில்லை. ரசீதுகள் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக உள்ளன. பார்க்க விரும்புவோர் மாலை ஆறுக்கு மேல் வரலாம். சந்தா பாக்கி உறுப்பினர் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டிவிட்டது.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், மேட் சுருட்டிய பையன்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், தேநீர் கொண்டுவந்த கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஒன்பது ஆண்டுகளாக இதையேதான் சொல்லிவருகிறேன், எவரும் முன்வரவில்லை. யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், வகுப்பும் தொடரும். ஜூன் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. கூழாங்கற்கள் நான் கொண்டுவருகிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் என் பையிலேயே இருக்கும். என்னைக் கண்டதும் சைட் ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒதுங்கும் நண்பர்கள் இனி நேர்வழியாகவே வரலாம்.

இவண்,
செயலாளர்