சுவருக்கு முன் தெருவைக் கேளுங்கள்: நகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர நிர்வாகிகளுக்கும் பொதுக்கலைக் குழுக்களுக்கும்,

வணக்கம். நகரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் நிறுத்தி, நடுவே ஒரு சிவப்பு இதயத்தைச் சொருகிவிட்டால் ஊரின் அடையாளம் வந்துவிடும் என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். படம் எடுக்க நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அந்த இதயம் எந்த ஊருக்கும் பொருந்தும். பொது இடத்தில் வைக்கும் கலை அந்தத் தெருவின் கதையைச் சொல்ல வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில், ஓவியர் ஜூடித் பாக்கா 1976-இல் தொடங்கிய ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய 840 மீட்டர் நீளம். 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகளில் சேர்ந்து வரைந்தது. கலிபோர்னியாவின் வரலாறுதான் கரு, ஆனால் பெருமை மட்டும் அதில் இல்லை. சாவேஸ் ரவீன் குடியிருப்பு காலி செய்யப்பட்டு, பிறகு அங்கே பேஸ்பால் அரங்கம் எழுந்த கதையும் உண்டு. அரங்கம் பறக்கும் தட்டு மாதிரி வானத்திலிருந்து வீடுகளின் மேல் இறங்குகிறது! எந்த விளம்பர நிறுவனமாவது இப்படி ஒரு மாதிரிப்படத்தை உங்கள் மேசைக்குக் கொண்டுவருமா? அந்த மண்ணின் கதை தெரிந்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

பிலடெல்பியாவில் 1984-இல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கத் தொடங்கிய திட்டம், கிறுக்கிய பிள்ளைகளிடமே தூரிகையைக் கொடுத்தது. இன்று அந்நகரில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள்.

மக்களைக் கேட்காமல் கலையை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1981-இல் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே 36 மீட்டர் நீள இரும்புச் சுவரை நிறுத்தினார்கள். அதைப் படைத்த ரிச்சர்ட் செர்ரா பெரிய சிற்பி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றாடம் சதுக்கத்தைக் கடக்கிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சண்டை முற்றி, 1989-இல் அதை வெட்டி எடுத்தார்கள். என்னைக் கேட்டால், பழி சிற்பிக்கு அல்ல, அதை வரவழைத்தவர்களுக்கே.

ஆகவே, கலைஞர் பென்சிலை எடுக்கும் முன்பே அந்தப் பகுதியில் கூட்டம் போடுங்கள். காலை பதினொரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் அல்ல. வேலை முடிந்து மக்கள் திரும்பிய பிறகு, அவர்கள் தெருவிலேயே. கசப்பான கதைகளும் வரும், வரட்டும்.

அப்புறம் பராமரிப்பு. திறப்பு விழாவோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஈரம் கசியும் சுவரில் எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் உரிந்து விழும்; முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் நிறம் சீக்கிரம் வெளுக்கும். திருப்பித் தீட்டவும் பணம் ஒதுக்குங்கள்.

ஓவியத்தை அழிக்கத்தான் வேண்டும் என்றால், முன்கூட்டியே கலைஞருக்கும் தெருவுக்கும் சொல்லுங்கள். நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் 2013-இல் ராத்திரியோடு ராத்திரியாக ஓவியங்களின் மேல் வெள்ளையடித்தார் உரிமையாளர். 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொல்லி 2018-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த முன்னறிவிப்பையும் பராமரிப்பையும் அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனைகளாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நகரவாசி