இரண்டு மணிக்கு விழித்திருப்பவளுக்கு

பாப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போன வாரம் மாப்பிள்ளை போனில் பேசினார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சும்மா விசாரித்தார். இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேறு விசேஷம் இல்லை.

சமீபத்தில் நெஞ்சுப் படபடப்பைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பொதுவாகத்தான். நடுராத்திரியில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, 'இதோ செத்துப்போகிறேன்' என்று தோன்றுமாம் சிலருக்கு. உடம்பு பயந்துபோய் அட்ரினலினைக் கொட்டுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. மூச்சு மேலும் கீழுமாக வேகமாய் ஓட, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் உதடு குறுகுறுப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைக் கண்டு இன்னும் பயம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு தானே இறங்கிவிடும். இறங்கும் என்று தெரிந்தவர்களுக்கே அந்தப் பத்து நிமிடம் நீளம்தான். ஆனால் நாடியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டால் அப்போதைக்கு நிம்மதி, அப்புறம் தொடாமல் இருக்கவே முடியாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லி, மூன்று இசிஜியும் சுத்தமாக வந்த பிறகு நாலாவது எதற்கு?

மூச்சை நீ உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை, உன்னைக் கேட்காமலே மூளைத்தண்டு அதை நடத்துகிறது. நீ தூங்கினாலும் நடத்தும். இந்தப் பயத்துக்கென்றே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளவும், தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை விடவும் பழக்குகிறார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாடியை மட்டும் தொடாதே.

அம்மா போனபோது எல்லாவற்றையும் நீதான் பார்த்தாய். சான்றிதழ், பேங்க், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். எனக்கு ஒரே பெருமை. வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அவள் பேச்சையே எடுக்கவில்லை, ஒரு தடவைகூட. போன் பண்ணினால் 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா', வைத்துவிடுவாய். அப்பாவிடம் பேச இவ்வளவுதானா உனக்கு?

எபிகூரஸ் என்று ஒரு கிரேக்கர், 2,300 வருஷத்துக்கு முந்தியவர். நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தால் நாம் இல்லை, பிறகு எதற்குப் பயம் என்று கேட்டார். கணக்கு சரிதான். பகல் பதினொரு மணிக்கு நானும் ஒத்துக்கொள்வேன், ராத்திரியில் அது செல்லவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது வேறு ஒன்றால். கல்லடைப்பு வேதனையில் கிடந்த கடைசி நாளில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: நாம் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன், இந்த வலிக்கு அந்தச் சந்தோஷம் ஈடுகொடுக்கிறது என்று. அவருக்கே கடைசியில் வாதம் மட்டும் போதவில்லை போலிருக்கிறது.

சுற்றி வளைக்கிறேன். சொல்ல வந்தது இது. 'அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்று அன்றைக்கு விடிகாலையில் உன்னிடம் சொன்னேனே, இரண்டும் பொய்.

அதற்கு முந்தின மூன்று நாளும் நீ கேட்டபோதெல்லாம் 'நன்றாகத் தூங்குகிறாள், நீ அலைய வேண்டாம்' என்றேன். டாக்டர் சொன்னதை மறைத்துவிட்டேன். அவள் தூங்கவில்லை, போய்க்கொண்டிருந்தாள். முதலில் அசதி கூடியது. பிறகு சாப்பாடு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பாதம் சில்லிட்டது. கடைசி ராத்திரி மூச்சு நாலைந்து தடவை வேகமாக வரும், அப்புறம் நின்றுவிடும். நான் இருபதுவரை எண்ணுவேன், மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம். 'இது இயல்புதான் ஐயா, அவங்களுக்கு இது தெரியாது, கேக்குற நமக்குத்தான் கஷ்டம். பக்கத்துல உக்காந்து பேசுங்க' என்றார் நர்ஸம்மா. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். கூப்பிடவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம். அந்த நர்ஸம்மாதான் வந்து என் தோளைத் தொட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். மூச்சு அப்படி விட்டுவிட்டு வருவதை ஜான் செய்ன் என்ற மருத்துவர் 1818-லேயே எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர்கள் அதற்கு அவர் பேரையே வைத்துவிட்டார்கள், அவ்வளவு வழக்கமாகப் பார்ப்பது. நான் என்னவோ எங்கள் கட்டிலில் மட்டும் நடந்த பயங்கரம் என்று ஓடினேன். 2020-ல் கனடாவில், நினைவில்லாமல் சாகும் தறுவாயில் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிலருடைய மூளை சத்தத்துக்கு இன்னும் பதில் கொடுத்திருக்கிறது. அதைப் படித்த அன்றிலிருந்து ஒரே நினைப்பு: என் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது அவளுக்குக் கேட்டிருக்குமோ?

என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் உன்னிடம் போய் என்ன செய்தது என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாள் 'தூங்குகிறாள்' என்று கேட்டுவிட்டு நாலாம் நாள் 'போய்விட்டாள்' என்று கேட்டவளுக்குத் தலையணையைக் கண்டால் எப்படி இருக்கும்? வள்ளுவரே 339-ஆவது குறளில் சாவை உறக்கம் போல என்கிறார்தான். அவர் உலகத்துக்குச் சொன்னார். நான் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. தூக்கம் அவளைத் திருடிக்கொண்டு போகவில்லை, பாப்பா. நோய் முற்றி, உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டது. சின்னவன் பாட்டியைக் கேட்டால் 'தூங்குறாங்க' என்று சொல்லிவிடாதே. இறந்துவிட்டாங்க, அந்த உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்கவும் வலிக்காது என்று சொல். அழுதால் அழட்டும். நீயும் அழு.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்காதே. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கடைசி நேரம். மகன் வந்து சேரவில்லை, நான் போய் உட்கார்ந்தேன். அதே மூச்சுதான், நின்று நின்று. கை நடுங்கியது, ஆனால் எண்ணவில்லை. மழை வரும்போலிருக்கிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் போன் பண்ணு. நானும் விழித்துக்கொண்டுதான் கிடப்பேன். இதைப் படித்துக் கோபம் வந்தால் திட்டுவதற்காவது பண்ணு. மாப்பிள்ளையைக் கோபிக்காதே, அவர்தான் சொன்னார்.

அப்பா