செயலாளரின் ஆண்டறிக்கை – 2021

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் குடியிருப்போர் சங்கத்தின் அறிக்கையில் பொங்கல் விழா, பிள்ளைகளுக்கான போட்டிகள், கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி என்று வரிசையாக வரும். 2021இல் கோவிட் தொற்றால் இவை எதையும் நடத்த வழியில்லை. நம் மலேசிய நாட்டில் நடந்ததெல்லாம் நம் வாசல்வரை வந்துவிட்டதால், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜனவரி 12ஆம் தேதி மாமன்னர் அவசரகாலத்தை அறிவித்தார். மறுநாளே சிலாங்கூர் மாநிலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் வந்தது. அதற்கு அடுத்த நாள் பொங்கல். அவரவர் வீட்டோடு முடிந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடியும் இல்லை, பால்குடமும் இல்லை. வெள்ளி ரதம் மட்டும் ஊர்வலமின்றி விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரியில் தடுப்பூசி தொடங்கியதும், கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு அரசின் மைசெஜாத்ரா செயலியில் பதிவுசெய்து கொடுத்தது நம் இளைஞர் பிரிவு. வீடு வீடாகப் போய், கேட்டுக்கு வெளியே நின்றே முடித்துக் கொடுத்தார்கள்.

ஜூன் 1 முதல் நாடே மூடப்பட்டது. தினக்கூலிக்குப் போகிறவர்கள், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் சிறு கடைகளிலும் வேலை செய்தவர்கள் வருமானமில்லாமல் உட்கார்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில், உதவி வேண்டுவோர் வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது. கொடி கட்டுவது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று சில தலைவர்கள் கண்டித்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த மன்றத்திலும் ஏற்கவில்லை என்றே பதிவு செய்கிறேன். நம் பின்வரிசையில் ஒரு வீட்டின் கிரில்லில் கொடியாகத் தொங்கியது பள்ளிச் சீருடைச் சட்டை. பள்ளிகள் மூடியிருந்ததால் பையனுக்கு அது தேவைப்படவில்லை. உள்ளே அரிசி இல்லை, கைக்குழந்தைக்குப் பால்மாவும் இல்லை. இதைப் பார்த்தபின் கௌரவம் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது.

கொடி கட்டக் கூச்சப்பட்டவர்கள்தான் அதிகம். அதனால் ஜூலையில் மகளிர் பிரிவினர் வீட்டு வாரியாக ஒரு பட்டியல் எடுத்தார்கள்: தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், படுக்கையில் இருப்பவர். உணவுப் பொட்டலங்கள் அந்தப் பட்டியல்படியே போயின.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு அவசரகாலம் முடிந்தது. 16ஆம் தேதி பிரதமர் முகிதீன் யாசின் பதவி விலகினார். 21ஆம் தேதி இஸ்மாயில் சப்ரி பொறுப்பேற்றார். அதே மாதம் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. 2020 முடிவில் 500க்கும் குறைவாக இருந்த கோவிட் மரணங்கள், 2021 முடிவில் 31,000ஐத் தாண்டிவிட்டன. நம் தாமான் குடியிருப்பிலும் சில வீடுகளில் விளக்கு அணைந்தது. மகன்கூட முகம் பார்க்காமல் தகனம் நடந்தது. அவர்களுக்காக இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

அக்டோபர் 11 முதல் மாநில எல்லை கடக்க அனுமதி கிடைத்தது. தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். சரி, இனி மூச்சு விடலாம் என்று நினைத்தபோதுதான் டிசம்பர் 17ஆம் தேதி மழை பிடித்தது. ஒரு மாதத்து மழை ஒரு நாளில் கொட்டியதாக அதிகாரிகளே சொன்னார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் பகுதியில் கால்வாயோர வீடுகளில் இடுப்பளவுத் தண்ணீர். அன்று இரவு அந்த ஜூலைப் பட்டியல்தான் கைகொடுத்தது. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று தெரிந்ததால், முதலில் எங்கே போவது என்று யாரும் திகைக்கவில்லை. அவர்களைத் தூக்கி மேட்டு வீடுகளில் சேர்த்த பிறகே மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஸ்ரீ மூடாவுக்குச் சுத்தம் செய்யப் போனோம். ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி சோபா மேல் சாய்ந்து கிடந்தது. அரிசித் தோம்பு நிறையச் சேறு. அந்த அம்மா எதையும் தேடாமல் கல்யாண ஆல்பத்தை மட்டும் எடுத்து, ஒட்டிக்கொண்ட படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இளைஞர்கள் மண்வெட்டியோடு நாள் முழுக்க நின்றார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

வெள்ள நிவாரணத் தொகையான 1,000 ரிங்கிட் இன்னும் கிடைக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. வீட்டுப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு வந்திருக்கும் குடும்பங்களையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அடுத்து, காற்றடிக்கும் படகு ஒன்றும் உயிர்காப்புச் சட்டைகளும் வாங்கிச் சங்கக் கட்டடத்தின் மாடியில் வைக்க வேண்டும். இவற்றுக்கான செலவை வரவு செலவுக் கணக்கோடு பொருளாளர் இப்போது விளக்குவார்.

நன்றி.

செயலாளர்