சிகிச்சை இலவசம்; இழந்த கூலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைப்பதாலேயே சிறுநீரகம் செயலிழந்தவரின் குடும்பத்துக்குச் செலவு தீர்ந்துவிட்டதாக எண்ணுவது சரியன்று. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டியவர், பயணமும் காத்திருப்பும் சேர்ந்து அன்றைய கூலியை முழுவதுமாக இழக்கிறார். துணைக்கு வரும் மனைவியோ மகனோ இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மறுநாளின் சோர்வையும் சேர்த்தால், கொத்தனாராக இருந்தவருக்கு மிஞ்சுவது வாரத்தில் ஓரிரு நாள்களே. அதற்கு மட்டும் யார் வேலை கொடுப்பார்? டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தம்பி வீட்டில் முதலில் விற்கப்பட்டது கறவை மாடு. நகைகள் அதன் பிறகே போயின.

காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தொகை சிறிதுதான் என்றாலும், மருந்துக்கு அப்பாலும் நோய்க்குச் செலவு உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. அவ்வாறே டயாலிசிஸ் நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணப்படியும், இழந்த கூலியில் ஒரு பகுதியும் வழங்க அரசு முன்வர வேண்டும்.

– வாசகர் ஒருவர், மன்னார்குடி